மீட்பு இலவசம் என்றால் வேளாங்கண்ணிக்கு நடப்பது எதற்கு?

வடவாறு எழுதியது:

வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம். கிறிஸ்தவன் இல்லை, எங்கள் வீட்டுக்கு அய்யனார்தான் குலதெய்வம். ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தேன். அக்காவின் பையனுக்குக் காலில் அடிபட்டு, நடப்பானா மாட்டானா என்று எட்டு மாதம் இழுத்தது. அவன் எழுந்து நடந்ததும் அக்கா காவிச் சேலை கட்டிவிட்டார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் என்று இரண்டரை நாள் நடை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், சுக்குக் காபி. கொடுத்தவர்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதியோடு இருந்தார்கள்.

அங்கே போனதும் அக்கா பேராலயத்திலிருந்து பழைய மாதா கோயில் வரைக்கும் அந்த மணல் பாதையில் முழங்காலால் போனார். நான் துண்டை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். பாதி வழியில் முட்டித் தோல் வழன்று, ரத்தத்தில் மணல் ஒட்டிவிட்டது. “போதும்க்கா, எழுந்திரு” என்றேன். கேட்கவில்லை. அப்புறம் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு சின்னத் தகட்டுக் காலைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு, “பட்ட கடனை அடைச்சுட்டேன் தம்பி” என்றார்.

அன்று சாயங்காலப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்தார். கடவுள் தரும் மீட்பை யாரும் விலை கொடுத்து வாங்க முடியாது, அது இலவசக் கொடை என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முட்டியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

இரண்டும் எப்படி ஒரே மதத்தில் இருக்கிறது? கிறிஸ்தவம் அடிப்படையில் என்னதான் சொல்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். யாரும் என்னை மதம் மாறச் சொல்லித் தனிமடல் அனுப்ப வேண்டாம். யாருடைய மதத்தையும் திட்டவும் வேண்டாம்.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

தம்பி, அக்கா முட்டிக்கு மருந்து போட்டாரா? அதை முதலில் சொல்லுங்கள்.

எனக்குப் பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கத்து ஊர். முப்பது வருடமாக ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். அடிப்படை என்ன என்று கேட்டால் நாங்கள் நம்பிக்கை அறிக்கையைத்தான் காட்டுவோம். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். விண்ணையும் மண்ணையும் படைத்த ஒரே கடவுள். அவருடைய ஒரே மகன் இயேசு கன்னி மரியாவிடம் பிறந்தார், பொந்தியு பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டார், சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், மறுபடி வருவார். தூய ஆவி, திருச்சபை, பாவ மன்னிப்பு, உடலின் உயிர்ப்பு, நிலை வாழ்வு. அவ்வளவுதான்.

இதில் பிலாத்து எதற்கு வருகிறார் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். அவர் ரோமைப் பேரரசின் ஆளுநர், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் இருந்தவர். நல்லவரும் இல்லை. ஆனால் பழைய பட்டாவில் அந்தக் காலத்துத் தாசில்தார் பெயர் இருப்பதுபோல அவர் பெயர் அங்கே இருக்கிறது. இன்ன இடத்தில், இன்னார் ஆண்டபோது நடந்தது என்று நாங்கள் நம்புவதற்கு அந்தப் பெயர்தான் முத்திரை.

இப்போது கவனியுங்கள். அந்த அறிக்கையில் வேளாங்கண்ணி இல்லை, பூண்டி இல்லை, காவிச் சேலை இல்லை. ஒரு நாளும் நடந்து போகாதவரும் முழுக் கத்தோலிக்கர்தான். அக்கா நடந்தது நன்றிக்காக. பையன் எழுந்து நடந்த பிறகுதானே சேலை கட்டினார்?

ஆனால் ஒன்றை ஒளிக்கக் கூடாது. “மாதாவே, நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்” என்று பேரம் பேசுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். என் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது நானும் பேசினேன். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. பயம் வந்தால் கற்றதெல்லாம் மறந்துபோகிறது.

பொறையாறுப் பெரியவர் எழுதியது:

டீச்சரம்மா சொன்ன அறிக்கையை நாங்களும் ஞாயிறுதோறும் சொல்கிறோம். நீங்கள் தூய ஆவி என்பீர்கள், நாங்கள் பரிசுத்த ஆவி என்போம். உங்களுக்கு மீட்பு, எங்களுக்கு இரட்சிப்பு. உங்களுக்குத் திருமுழுக்கு, எங்களுக்கு ஞானஸ்நானம். பொருள் ஒன்றுதான்.

நான் லுத்தரன், புராட்டஸ்டண்டு சபைக்காரன். பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். தரங்கம்பாடியில் 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில்தான் எனக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும். 1706 ஜூலை 9-ம் தேதி அந்தக் கரையில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதே கோயிலுக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி வந்தது. கடவுளுக்கு அவர் எடுத்த தமிழ்ச் சொல் சருவேசுரன். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரீசியஸ் பராபரன் என்றார். 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. முந்நூறு வருடமாக நம் ஊர்ச் சொற்களில் எது சரியாக வரும் என்று தேடிக்கொண்டே இருக்கிறோம். எனக்கு இதில் பெருமைதான்.

தம்பி, நீங்கள் கேட்டதற்கு எங்கள் பக்கத்துப் பதில் ஒரே சொல்: கிருபை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் சொல்கிறார்: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” இதை வைத்துத்தான் 1517-ல் ஜெர்மன் துறவி லுத்தர் கேள்வி கேட்டார். மன்னிப்புக்குச் சீட்டு விற்கலாமா என்பதுதான் அன்றைய பிரச்சினை. மேற்குத் திருச்சபை அதில் பிளந்தது, ஐரோப்பாவில் ரத்தம் ஓடியது.

ஆகவே எனக்கு அக்காவின் பக்தி மேல் மரியாதை உண்டு, “கடனை அடைச்சுட்டேன்” என்ற சொல்தான் உறுத்துகிறது. காணிக்கை கடனாகிவிட்டால் கடவுள் வட்டிக்காரர் ஆகிவிடுவார்.

அரசலாறு எழுதியது:

எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் கும்பகோணம். பெந்தெகொஸ்தே சபை. 19 வயதில் மனந்திரும்பி ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு முன்னால் எனக்கிருந்த குடிப்பழக்கம் ஊருக்கே தெரியும்.

வேதத்தில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று முதலாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. மரியாள் பாக்கியவதி, மறுக்கவில்லை. அவர்களிடம் வேண்டுதல் எதற்கு? நேராகக் கர்த்தரிடம் பேசலாமே. யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது அப்படித்தான் கிடைத்தது.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

தம்பி அரசலாறு, நேராகப் பேசலாம். நாங்களும் பேசுகிறோம். உங்கள் சபையில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், “எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று பாஸ்டரிடம் சொல்கிறீர்கள் இல்லையா? மாதாவிடம் நாங்கள் கேட்பதும் அதுதான். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றுதான் செபமாலையில் மறுபடி மறுபடி வருகிறது. இறந்தவர்கள் கடவுளிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்புவதால் கேட்கிறோம். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு கூட்டத்தில் அழிந்துபோகிறது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்தபோது மாதா வேலைக்காரர்களிடம் சொன்ன ஒரே வாக்கியம்: “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்.” அவர் எப்போதும் கையை மகன் பக்கம்தான் காட்டுகிறார்.

பெரியவரே, 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் உங்கள் லுத்தரன் உலக சம்மேளனமும் எங்கள் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதையும் சொல்லுங்கள். கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் இல்லை, அருளால் மட்டுமே என்று இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதினோம். 1517-ல் பிளந்த இடத்தில் போட்ட தையல் அது. ஊர்ப் பங்குகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வடவாறு எழுதியது:

டீச்சர், மருந்து போட்டாயிற்று. மஞ்சள் பற்றுத்தான், அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.

இலவசம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தார்கள், 12,110 கோடி. அதற்கு முந்தின மாதம்தான் அப்பா தவணை தவறக் கூடாது என்று அம்மாவின் தோட்டை விற்றுக் கடனை முழுசாகக் கட்டியிருந்தார். கட்டாமல் இருந்தவர்களுக்குத் தள்ளுபடி. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அப்பா யாரோடும் பேசவில்லை. வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ரசீது இன்னும் அலமாரியில் இருக்கிறது. அம்மா காதில் அப்புறம் தோடு ஏறவே இல்லை.

பெரியவர் கிருபை என்று சொன்னதும் எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வருகிறது. ஒழுங்காக இருந்தவனுக்கு ஒன்றும் இல்லை, ஒழுங்கில்லாதவனுக்குத் தள்ளுபடி. இது நியாயமா?

பொறையாறுப் பெரியவர் எழுதியது:

தம்பி, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடன் என்ற சொல்லை நீங்களாகவே எடுத்துவிட்டீர்கள். இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் எங்கள் வேதாகமத்தில் இப்படி இருக்கிறது: “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” டீச்சரம்மா சபையில் “எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல” என்று சொல்வார்கள். மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மத்தேயு 18-ல் ஒரு கதை. ராஜாவுக்கு ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பத்தாயிரத்தால் பெருக்கினால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு ஆள் உழைத்துக் கட்ட வேண்டுமென்றால் லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கணக்கு வகுப்பில் பிள்ளைகளை இதைப் போட வைப்பேன். விடை வந்ததும் வகுப்பே சத்தமில்லாமல் ஆகிவிடும். ராஜா அத்தனையையும் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன், தனக்கு நூறு பணம் தர வேண்டியவனைக் கழுத்தைப் பிடித்து நெரித்தான். நூறு பணம் என்றால் நூறு நாள் கூலி. அதுவும் பெரிய தொகைதான், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் ஆறு கோடிக்கு முன்னால்?

உங்கள் அப்பாவின் கதையும் வேதத்தில் உண்டு. மத்தேயு 20. காலையிலேயே வேலைக்கு வந்தவர்களுக்கும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் தோட்டத்துச் சொந்தக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். லூக்கா 15-ல் ஊதாரி மகன் திரும்பி வந்து விருந்து நடக்கும்போது, வயலிலிருந்து வந்த மூத்தவன் உள்ளே வராமல் வாசலில் நிற்கிறான். அவனும் ஒழுங்காக இருந்தவன்தான். அப்பா விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. நாற்பது வருடமாக இந்தப் பகுதியை வாசிக்கிறேன். உங்கள் அப்பா வரப்பில் உட்கார்ந்ததைப் படித்த பிறகு அந்த மூத்தவன் முகம் எனக்கு இன்னும் பக்கத்தில் தெரிகிறது.

இன்னொன்று. தள்ளுபடி என்றால் கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை. சங்கத்துக்கு அந்தத் தொகையை அரசு கொடுத்தாக வேண்டும். யாரோ சுமக்கிறார்கள். சிலுவை என்பது எங்களுக்கு அதுதான். மன்னிக்கிறவரே நஷ்டத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். சிலுவையில் நடந்தது எப்படி நம்மை விடுவிக்கிறது என்பதற்கு மீட்பு விலை, பலி, மரணத்தின் மேல் வெற்றி என்று பல விளக்கங்கள் திருச்சபையில் உண்டு. ஒன்றே ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று நான்காம் நூற்றாண்டின் நிசேயா விசுவாச அறிக்கை கட்டாயப்படுத்தவில்லை. “நமக்காக” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. நானும் அந்தச் சொல்லோடு நிற்கிறேன்.

சந்நிதித் தெரு எழுதியது:

இரண்டு நாளாக எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். நான் மன்னார்குடி, ராஜகோபால சுவாமி கோயில் பக்கம். வைஷ்ணவக் குடும்பம்.

பெரியவரும் டீச்சரும் பேசுவது எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தாக்கள் பேசியதுபோலவே இருக்கிறது. வடகலை சொல்வது குரங்குக்குட்டி நியாயம்: குட்டி தாயைத் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலை சொல்வது பூனைக்குட்டி நியாயம்: தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். சரணாகதியில் நம் முயற்சி எவ்வளவு என்பதுதான் இங்கேயும் கேள்வி. பெரியவர் பூனைக்குட்டி என்று தோன்றுகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். இயேசு மனிதராகப் பிறந்ததை நாங்கள் சொல்லும் அவதாரம் என்றே எடுத்துக்கொள்ளலாமா? எங்கே வேறுபடுகிறது?

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

ஐயா, பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் மனுஷாவதாரம் என்ற சொல்லே உண்டு. அதனால் சொல் எங்களுக்கு அந்நியம் இல்லை. வித்தியாசம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இரண்டு. ஒன்று, ஒரே ஒரு முறைதான் நடந்தது. இரண்டாவது, அந்த மனித உடம்பை அவர் திரும்பக் கழற்றி வைக்கவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் ஆணிக் காயத்தோடுதான் சீடர்களுக்குக் காட்சி கொடுத்தார். முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், பிரியாமல், என்று 451-ல் ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கத்தில் வரையறுத்தார்கள். பசித்தது, அழுதார், கெத்சமனியில் சாவுக்குப் பயந்து வியர்த்தார். அந்த இடம் வரும்போது வகுப்பில் நான் கொஞ்சம் நிறுத்துவேன்.

பூனைக்குட்டி உவமையை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அனுமதியோடு.

நாகூர் தம்பி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஈசா நபி, மர்யம் அம்மையார் இரண்டு பேர் மேலும் எங்களுக்கு மிகுந்த மரியாதை. குர்ஆனில் மர்யம் பெயரில் ஒரு சூராவே இருக்கிறது. ஆனால் தந்தை, மகன், ஆவி என்று மூன்று சொல்லிவிட்டுக் கடவுள் ஒருவரே என்கிறீர்கள். அதுதான் பிடிபடவில்லை. டீச்சர் விளக்க முடியுமா? வாதம் பண்ண வரவில்லை.

மறைக்கல்வி டீச்சர் எழுதியது:

வ அலைக்கும் சலாம் தம்பி. முழுசாக விளக்கிவிட முடியும் என்று நினைக்கவில்லை. நான் தவறு செய்து திருந்திய கதையைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் வகுப்பில் கல்லணையைச் சொல்வேன். ஒரே தண்ணீர் வருகிறது, கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு என்று பிரிகிறது, அதுபோலத்தான் மூவொரு கடவுள் என்பேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஒரு நாள் எங்கள் பங்குச் சாமியார் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், கல்லணையில் ஒரு ஷட்டரைத் திறந்தால் இன்னொன்றில் தண்ணீர் குறையும். தந்தை, மகன், தூய ஆவி மூவரில் யாரும் கடவுளின் ஒரு பங்கு இல்லை. ஒவ்வொருவரும் முழுக் கடவுள்.” அதே தண்ணீர் பனிக்கட்டியாகவும் ஆவியாகவும் ஆகிறது என்ற உவமையும் சரிப்படாது. அது ஒருவரே மூன்று வேடம் போடுவதாக ஆகிவிடும். இயேசு தந்தையை நோக்கி வேண்டினாரே, தன்னிடமே பேசிக்கொண்டாரா?

அன்றிலிருந்து உவமை சொல்வதை விட்டுவிட்டேன். திருச்சபை 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடி, ஒரே இறைத்தன்மை, மூன்று ஆள்கள் என்று சொல்லி நின்றது. யோவான் தம் திருமுகத்தில் கடவுள் அன்பாய் இருக்கிறார் என்கிறார். உலகம் உண்டாவதற்கு முன்னால், நேசிக்க வேறு யாரும் இல்லாதபோதே அன்பாய் இருந்தார் என்றால், கடவுளுக்குள்ளேயே கொடுப்பதும் வாங்குவதும் இருந்திருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடவுள் ஒருவரே என்பதில் நீங்கள் எவ்வளவு உறுதியோ அவ்வளவு உறுதி நாங்களும்.

கடலோரம் எழுதியது:

நான் நாகை மீனவக் குடும்பம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். தம்பிக்கு வாங்கிய புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவன் உடம்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நிவாரண முகாமுக்கு ஒருவர் வந்து பிரசங்கம் பண்ணினார். பாவத்துக்கு வந்த தண்டனை என்றார். எந்தச் சபை என்று சொல்லப் போவதில்லை. அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடம் கோயிலுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

பல வருடம் கழித்து லூக்கா 13-ஐப் படித்தேன். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போகிறார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்கிறார். இது முகாமுக்கு வந்தவருக்குத் தெரியாதா? அல்லது தெரிந்தும் சொன்னாரா?

ஏன் நடந்தது என்பதற்கு எனக்கு எந்த மதத்திலும் பதில் கிடைக்கவில்லை. கிறிஸ்தவம் எனக்குப் பதில் கொடுத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிலுவையில் தொங்கிய கடவுளே “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று கத்தியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் திரும்பிப் போனேன். அம்மா “உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்” என்ற இடம் வரும்போது மட்டும் சத்தமாகச் சொல்வார். மற்ற வரிகளை முணுமுணுப்பார். கடல் தன்னிடமுள்ள இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று திருவெளிப்பாட்டில் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

தென்கரை எழுதியது:

கடலோரம் அண்ணே, உங்கள் அம்மாவுக்காக இன்று ஜெபிக்கிறேன்.

எல்லாரும் நல்லதைச் சொன்னீர்கள். நான் சொல்லப் போவது கசக்கும். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிலத்தில் கூலி வேலை. கொள்ளுத்தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினோம். ஊர் பெயரும் சபை பெயரும் வேண்டாம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பு உயரம்தான். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். காற்று அடித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அணைகிறது. மந்திரித்த தண்ணீரைச் சுவருக்கு இரண்டு பக்கமும் தெளித்துவிட்டுச் சாமியார் போய்விடுவார்.

அப்பம் ஒன்றே, ஆதலால் நாம் பலராயிருந்தாலும் ஒரே உடல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கிறிஸ்துவில் அடிமை என்றும் சுதந்திரன் என்றும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவன் என்றால் பட்டியல் சாதிக்கான உரிமை கிடையாது. சட்டத்துக்கு நான் கிறிஸ்தவன், சுவருக்கு நான் வேறு.

பெரியவர் சொன்ன ஆறு கோடி நாள் கூலிக் கணக்கு என் மனதை விட்டுப் போகவில்லை. அவ்வளவும் தள்ளுபடியானவர்கள், செத்த பிறகு படுக்கிற ஆறடி இடத்துக்குக் கழுத்தைப் பிடிக்கிறார்கள். இந்த மதத்தின் அடிப்படை என்ன என்று வடவாறு கேட்டார். எழுதி வைத்த அறிக்கையைப் படித்தால் தெரியும். எங்கள் ஊர்க் கல்லறையையும் ஒரு தடவை வந்து பாருங்கள்.

ஏன் விட்டுப் போகவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். என் பாட்டி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த இயேசு ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர். அவரை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பொறையாறுப் பெரியவர் எழுதியது:

தம்பி, எங்கள் பக்கத்திலும் சுவர்கள் உண்டு. கல்லில் இல்லாவிட்டாலும் பெஞ்சில் உண்டு, கல்யாணப் பேச்சில் உண்டு. கிருபை பற்றி நாற்பது வருடம் பிரசங்கம் கேட்டவன் நான், என் மகன் கல்யாணத்தில் சாதி பார்த்தேன். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அரசலாறு எழுதியது:

தென்கரை அண்ணே, நான் முதலில் மரியாளைப் பற்றி எழுதியதை எடுக்கவில்லை, என் விசுவாசம் அதுதான். ஆனால் வேதத்தில் இல்லாததைச் செய்யாதே என்று ஒரு அக்காவின் முட்டியைப் பார்த்துச் சொன்ன நான், இந்தச் சுவரைப் பார்த்து முதலில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சபையில் பெயருக்குப் பின்னால் யாரும் சாதி போடுவதில்லை. அதற்காக இல்லாமல் போய்விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வடவாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் வர முடியவில்லை, குறுவை அறுப்பு. மழைக்கு முன்னால் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்க வேண்டியிருந்தது.

பெரியவர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மூத்த மகன் வாசலில் நின்ற கதையை இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். “அந்த அப்பன் வெளியே வந்தான்ல, அது போதும்” என்றார். எங்கள் வரப்புக்கு யாரும் வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் அன்றைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அக்காவிடமும் கேட்டேன். “கடனை அடைச்சுட்டேன்னு சொன்னியே, மாதா கேட்டாங்களா?” என்றேன். “அவங்க ஏன்டா கேக்கப் போறாங்க? பிள்ளை நடந்துட்டான். எனக்குக் கை கால் சும்மா இருக்க முடியல” என்றார். அதற்கு மேல் விளக்கமெல்லாம் சொல்லவில்லை, கூடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிறகு அந்த ஆறு கோடி நாள் கூலிக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து உள்ளே போய், செபப் புத்தகத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு புரோநோட்டை எடுத்து வந்தார். கொழுந்தன் எழுதிக் கொடுத்தது. பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திருப்பிக் கேட்டதற்கு அவர் கதவைச் சாத்தியிருக்கிறார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. “எவ்வளவுன்னு படி” என்றார். நாற்பதாயிரம், நூற்றுக்கு இரண்டு வட்டி என்று படித்தேன். “தேதி?” என்றார். படித்தேன். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மறுபடி நாலாக மடித்து அதே பக்கத்தில் வைத்து மூடினார். “அடுத்த வருஷமும் நடக்கணும்டா. நீ வரியா?” என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தென்கரை, நவம்பர் 2-க்கு உங்கள் ஊருக்கு வரலாமா? தனிமடலில் வழி சொல்லுங்கள்.

தென்கரை எழுதியது:

வாங்க. அனுப்பியிருக்கிறேன். வரும்போது ஒரு மண்வெட்டி எடுத்து வாருங்கள், புல் நிறைய இருக்கிறது.